விமான வீட்டின் பின்கதவைத் திறக்க அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்
வெல்டர்,
விமான வீடு,
பழைய பணிமனைச் சாலையின் கடைசி.

பெறுநர்
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
தொன்மைப் பொருள் பாதுகாப்பு அலுவலகம்,
மூன்றாம் மாடி.

பொருள்: பாதுகாக்கப்பட்ட பழைய விமானத்தின் உள்ளே அடிபட்டுப் படுத்திருக்கும் என் மனைவியை வெளியே கொண்டுவர, அதன் பின்கதவைத் திறக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் வாசலில் தங்கள் அலுவலகம் நட்டுள்ள அறிவிப்புப் பலகை.
2. இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். என் மனைவி படுத்தபடியே கேட்டுத் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முந்தைய மனுக்களில் நான் சுற்றி வளைத்து எழுதியதால்தான் பதில் வரவில்லை என்பது அவளுடைய கருத்து. ஆகவே இந்த முறை விஷயத்தை ஆரம்பத்திலிருந்து, நேராகச் சொல்கிறேன்.

1. நான் தொழிலால் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி செய்து பிழைப்பவன். என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய இரட்டை எஞ்சின் விமானத்தில். விமானம் என்றால் அதன் உடல் மட்டும். எஞ்சின்கள் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டன. இறக்கைகள் இரண்டும் தோள்பட்டையோடு அறுக்கப்பட்டிருந்தன. மூடிப்போன விமானத் தளத்தின் பணிமனையில் கிடந்ததைப் பழைய அலுமினியம் என்ற பெயரில் ஏலத்தில் எடுத்தேன். உடைத்து உருக்க அனுப்புவதுதான் உத்தேசம். உடைக்கத் தொடங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி, நனையாமல் இருக்க உள்ளே ஏறி உட்கார்ந்தாள். வாடகை வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம் அது. மழை விட்டது. அவள் இறங்கவில்லை. அன்று அவள் இறங்கியிருந்தால், இன்று தங்கள் அலுவலகத்துக்குப் பாதுகாக்க இந்த விமானமே இருந்திருக்காது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். பணிமனை நின்ற மூலை நிலத்தையும் பிறகு எழுதி வாங்கினோம்.

2. தாங்கள் இதுவரை நேரில் வந்து பார்க்காததால் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகை விமானத்துக்கு வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம் மட்டுமே. அதனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்த மாதிரி நிற்கும். உள்ளே தரை முழுவதும் சரிவு. சமைக்கும்போது ஒரு வெங்காயம் கைதவறினால் வால் பக்கம் போய்த்தான் எடுக்க வேண்டும். முன்னால் விமானிகள் ஏறும் சிறிய கதவு, ஆள் உயரத்துக்கு மேல். அதற்கு நான் செய்த இரும்பு ஏணி இருக்கிறது. பின்னால் வலப்புறம் சரக்கு ஏற்றுகிற அகலமான இரட்டைக் கதவு, தரையிலிருந்து இடுப்பு உயரம்கூட இல்லை. குடிவந்த புதிதில் அந்தப் பின்கதவு ஒழுகியது, எலியும் வந்தது. எனவே அதைச் சாத்தி, மேலே தகடு வைத்து, சுற்றிலும் ரிவெட் ஆணி அடித்தேன். அலுமினியத்தில் என் வெல்டிங் நிற்காது, அதனால்தான் ரிவெட். அதே வாரத்தில், சரிவைச் சமன் செய்ய மரச்சட்டம் கொடுத்துப் பலகைத் தரையும் போட்டேன். என் குறை முழுவதும் இந்தத் தகட்டுக்கும் அந்தப் பலகைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

3. பல வருடங்கள் யாரும் எங்களைச் சீண்டவில்லை. பிறகு பல் டாக்டர் வந்தார். ஊரில் பெயர்பெற்ற பல் மருத்துவர், ஓய்வு நேரத்தில் பழைய விமானங்களைத் துப்புத் துலக்குபவர். ஏணியில் ஏறி வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல், பல் பார்க்கும் சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து, எங்கள் சமையல் அலமாரிக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். உள்சட்டத்தில் பொறித்திருந்த ஒரு எண்ணைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வழக்கமாக அவரிடம் போகிறவர்கள்தான் அழுவார்கள்.

இந்த வகையில் செய்யப்பட்ட ஒவ்வொரு விமானமும் என்ன ஆயிற்று என்று பல நாடுகளில் சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஒன்று மலையில் மோதியது. ஒன்று கடலுக்கு அடியில் கிடக்கிறது. ஒன்று உருகிப் பாத்திரமாகிவிட்டது. ஒன்று கோழிக்கூடாக இருந்து தீப்பிடித்தது. ஒன்றே ஒன்று மட்டும் எங்கே போனது என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குள்தான் நாங்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். முழு உடலோடு மிஞ்சியிருப்பது இது மட்டும்தான் என்று அவர் சொன்னபோது என் மனைவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. (இந்த வரியை அடிக்கச் சொல்கிறாள். பேனாவில் எழுதிவிட்டேன்.)

4. அடுத்த வருடமே நகராட்சி, இது அனுமதியில்லாத கட்டடம், அகற்றப்படும் என்று நோட்டீஸ் ஒட்டியது. விமானம் எப்படிக் கட்டடம் ஆகும் என்று கேட்டேன். குடியிருந்தால் கட்டடம்தான் என்றார்கள். அப்போது பல் டாக்டர்தான் வழி சொன்னார். தங்கள் அலுவலகத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒருவராலும் தொட முடியாது என்றார். மனு எழுதியது அவர், கையெழுத்துப் போட்டது நாங்கள். பட்டியலில் சேர்ந்த அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தோம். எங்களைக் காப்பாளர்கள் என்று நியமித்து, அறிவிக்கப்பட்ட நாளில் இருந்த நிலை மாறாமல் வைத்திருப்போம், மீறினால் காப்பாளர் பொறுப்பும் குடியிருக்கும் உரிமையும் ரத்தாகி விமானம் அரசுக் கிடங்குக்குப் போகும் என்று எழுதி வாங்கினார்கள். ஒருவராலும் தொட முடியாது என்பதில் நாங்களும் அடக்கம் என்று அப்போது உறைக்கவில்லை.

5. பிறகு தங்கள் நிபுணர் குழு வந்தது. பலகைத் தரை பிற்காலச் சேர்க்கை, அசல் தரையை மறைக்கிறது, உடனே அகற்ற வேண்டும் என்றது. பின்கதவின் மேலுள்ள தகடும் ரிவெட்டும் குடியிருப்புக் காலத்தின் சான்று, அப்படியே பாதுகாக்க வேண்டும் என்றது. ஐயா, இரண்டும் ஒரே கை செய்தது. ஒரே வாரத்தில் செய்தது. என் பலகை எப்படிக் குப்பையானது, என் தகடு எப்படி வரலாறானது என்று கேட்டேன். குழுத் தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். மழைக்கு முந்திக்கொள்ள அவசரத்தில் அடித்ததால் என் ரிவெட் வரிசை கோணல்மாணலாக இருக்கும். அதைப் படம் பிடித்துத் தங்கள் ஆண்டு மலரில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். என் தொழிலில் நான் வெட்கப்படுகிற ஒரே வேலை அது.

6. பலகையை நானே கழற்றினேன். அலுமினியத் தரை வழவழப்பு, போதாததற்குச் சரிவு. என் மனைவியின் தையல் மெஷின் விமானிகள் அறையில் இருக்கிறது, அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். தைத்து முடித்த சீருடைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு எழுந்து வந்தவள் கால் வழுக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் நிற்கவில்லை. வால் பக்கச் சுவர் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போய் மோதினாள். பக்கத்திலேயே இருக்கும் என் பட்டறையிலிருந்து நான் ஓடி வந்து பார்த்தபோது சட்டையும் பாவாடையுமாக அவள் மேல் கிடந்தன. கசங்கிவிடப் போகிறது, முதலில் அதை எடுங்கள் என்றாள்.

7. வந்து பார்த்த டாக்டர், இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, முதுகெலும்பிலும் விரிசல் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் படம் எடுத்து அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார். தூக்கும்போது பலகைபோல நேராகத் தூக்க வேண்டும், உட்கார வைக்கவோ மடக்கவோ கூடாது என்றும் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். சரிவில் மேலே ஏற்றி, விமானிகள் அறைக்கு முன்னால் வளைந்து திரும்பி, சின்னக் கதவு வழியாக ஏணியில் இறக்க வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் அவர்களே வேண்டாம் என்று திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். மருத்துவமனையும் வேண்டும், மடக்கவும் கூடாது. அந்த வாசல் வழியாக இரண்டும் சேர்ந்து நடக்காது.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர், உள்ளே வந்து குனிந்து பார்த்தார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் வெட்டுவோம், இல்லையென்றால் தங்கள் அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றார். அவர் கிளம்பும்போது என் மனைவி, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு உடனடி ஆபத்து என்று நான் எப்படி எழுதுவது என்று அவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் போனதும், "அப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?" என்று கேட்டாள். அது அவளால் முடியாத காரியம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

8. இப்போது அவளுடைய கட்டில் வால் பக்கத்திலேயே, விழுந்த இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கால்மாட்டில் செங்கல் கொடுத்துச் சமன் செய்திருக்கிறேன். செங்கலுக்கு அனுமதி வாங்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வலக்கையை நீட்டினால் அவள் கை அந்தப் பின்கதவில்தான் படும். கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் துணிக்கொடி, அதைத் தாண்டினால் சாலை. சைக்கிள் மணி கேட்கும். யார் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறாள். இரண்டு பேர் தாராளமாக நடந்து போகக்கூடிய வாசலின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வெளியே போக வழியில்லாமல் இருக்கிறாள். சில நேரம் நான் பட்டறையில் இருக்கும்போது அவள் உள்ளேயிருந்து விரலால் அந்தக் கதவைத் தட்டுவது கேட்கும். தண்ணீர் வேண்டுமா என்று ஓடிப் போய்க் கேட்பேன். ஒன்றும் வேண்டாம், சும்மா தட்டினேன் என்பாள். அந்தச் சும்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

9. தங்கள் உதவி அலுவலர் ஒரு முறை வந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், அவருடைய அம்மாவும் இப்படித்தான் படுத்திருந்தார்களாம். ஆனால் கதவைத் திறக்கலாமா என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. "அறிவிச்ச நாள்ல அது கதவா இல்லை, சுவரா இருந்துச்சு. சுவரை உடைக்க நான் எப்படிங்க அனுமதி கொடுப்பேன்?" என்றார். குழு கூடி முடிவெடுக்க வேண்டும், குழு கூடுவதற்குப் போதிய உறுப்பினர்கள் இல்லை, புதியவர்களை நியமிக்கும் கோப்பு மேலே இருக்கிறது என்றார். எவ்வளவு மேலே என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார், எங்கள் கூரையில் இடித்துக்கொண்டார்.

10. பட்டறை வைத்திருக்கிறவன் இதற்கு ஏன் மனு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று தாங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். டிரில் என் கையில் இருக்கிறது. என் தகட்டைக் கழற்ற எனக்கு ஒரு காலைப்பொழுது போதும். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லாரி ஓட்டுபவர், வந்த அன்றே, மாமா பேசிக்கொண்டிருக்காதீர்கள், கழற்றுங்கள், வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் டிரில்லை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். தடுத்தது என் மனைவிதான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பேப்பர் இல்லாம ஒரு ரிவெட்ல கையை வெச்சீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். அங்கே போய் எழுந்து நடந்து, அப்புறம் எங்கே வர்றது? யார் வீட்டுத் திண்ணையில போய் நிக்கிறது? ஒரு தடவை மழையில நின்னது போதும்."

ஐயா, எங்களுக்கு வேறு வீடு இல்லை. அவள் தம்பி வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். இந்த வீட்டைக் காப்பாற்ற அவள் உள்ளேயே கிடக்கிறாள். அவளைக் காப்பாற்ற நான் வீட்டை விட வேண்டும். அவள் வழிக்கு என்னாலும் வரமுடியவில்லை, என் வழிக்கு அவளும் வரமாட்டேன் என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் பெரிய சண்டை இதுதான், அதையும் சத்தம் போட்டுப் போட முடியவில்லை. சிரித்தாலே அவளுக்கு வலிக்கிறது.

11. பல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் தயங்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருடமாகத் தேடிக் கண்டுபிடித்ததன் மேல் டிரில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு தன் கண்ணாடியோடு வந்து, கட்டிலுக்கு அருகில் மண்டியிட்டு, கதவின் இடுக்கு முழுவதையும் பார்த்தார். கொண்டியும் கீலும் அசலாக, துருப்பிடிக்காமல் இருக்கின்றன, வெளியிலிருந்து ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தால் விமானத்தின் சொந்த உடம்பில் ஒரு கீறல்கூட விழாது, போவது வெல்டருடைய தகடு மட்டுமே என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கிளம்பும்போது என் மனைவியிடம், இதை எல்லாம் நான்தான் இழுத்துவிட்டேன் அம்மா என்றார். அவள், உங்களால்தான் டாக்டர் நகராட்சி இடிக்காமல் விட்டது என்று அவரைத் தேற்றி அனுப்பினாள். அவர் ஏணியில் இறங்கிய பிறகுதான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

12. மேலும் ஒன்று. விடுமுறை நாட்களில் தங்கள் பலகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மகளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு அம்மா படுத்திருக்கிறார்கள் என்று அந்தக் குழந்தை சொன்னது. அது பொம்மையாக இருக்கும் என்று தகப்பனார் விளக்கம் சொன்னார். என் மனைவி கையசைத்தாள். குழந்தை அலறிவிட்டது. அன்று மாலை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், வலி வந்து நிறுத்திக்கொண்டாள். ஜன்னலுக்குத் திரை போடலாமா என்பதற்கும் தங்கள் அனுமதி வேண்டும் என்று உதவி அலுவலர் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து, குழு கூடும்வரை காத்திராமல், தங்களுக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, மேற்படி பின்கதவின் மீது நான் அடித்த தகட்டை மட்டும் நானே கழற்றி, என் மனைவியை வெளியே கொண்டுபோக எழுத்து மூலமாக அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேவையென்றால் அவள் போன பிறகு அதே தகட்டை, அதே ஓட்டைகளில், அதே கோணலோடு திரும்ப அடித்துத் தருகிறேன். அவள் திரும்பி வரும்போது மட்டும் மறுபடி ஒரு முறை கழற்ற வேண்டியிருக்கும். நடந்து வந்தால் அதுவும் வேண்டாம், ஏணியிலேயே ஏறிக்கொள்வேன் என்கிறாள்.

13. ஐயா, இந்தப் பத்தியை மட்டும் வாய்க்குள் படித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று காலை அவளைப் பார்க்க வந்த எலும்பு முறிவு சொன்ன டாக்டர் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். படுத்தே இருப்பதால் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கிவிட்டது, முதுகில் புண்ணும் வந்துவிட்டது, இனிமேல் தள்ளிப்போட்டால் அறுவை சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது என்றார். வியாழக்கிழமை காலை ஆம்புலன்ஸ் வருகிறது. அதற்குள் தங்கள் அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் நான் அந்தக் கதவைத் திறக்கப் போகிறேன். பேப்பர் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்வேன், இல்லாவிட்டால் கையை வைக்க விடமாட்டாள். படுத்திருப்பதால் வாங்கிப் படிக்க மாட்டாள், நான்தான் படித்துக் காட்டுவேன். இவளிடம் நான் சொல்லும் பெரிய பொய் இதுதான். அதைப் பொய்யாக்காமல் இருப்பது தங்கள் கையில் இருக்கிறது.

அனுமதி தர முடியாது என்றால், நிபந்தனைப்படி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து நிற்க மாட்டேன். வாலைத் தூக்கச் சங்கிலியை எந்த இடத்தில் போட்டால் உடம்பு நசுங்காது என்று நானே காட்டித் தருகிறேன். தையல் மெஷினை மட்டும் முன்னதாக இறக்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு சலுகை கேட்கிறேன். வீடு ரத்தான உத்தரவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், பட்டறை முகவரிக்கு, என் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறோம் என்ற நினைப்பில்தான் அவள் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

சத்தத்தையே காணோமே, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். தேதி போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இணைப்பு: பல் மருத்துவரின் கடிதம்.

இடம்: விமான வீடு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
வெல்டர்
(ஒப்பம்)